வலி வந்த பிறகு வாங்கும் கடன்

கேள்வி: எனக்கு வயது 44. மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைவாய்ப் பல்லில் சிறு சொத்தை இருப்பதாகவும் உடனே அடைத்துவிடலாம் என்றும் மருத்துவர் சொன்னார். வலி இல்லாததால் அந்தப் பணத்தைத் தம்பிக்குக் கைமாற்றாகக் கொடுத்தேன். சென்ற ஆண்டும் அப்படியே ஆயிற்று. இப்போது கன்னம் வீங்கி, இரவில் தூக்கமில்லை. ரூட் கெனால் செய்து கேப் போட, அன்று அடைக்கக் கேட்டதைப் போல எட்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். வைப்புத்தொகையைத் தொட மனமில்லை. 12 மாத வட்டியில்லாத் தவணையில் சேரலாமா? அதே தவணையில் பல் வெண்மையாக்கலும் வரிசைச் சீரமைப்பும் செய்து தருகிறார்களாம்.

பதில்: சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வீக்கத்தோடு காய்ச்சலோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் இன்றே போக வேண்டும்.

தவணை வேண்டாம். அன்றைய அடைப்புச் செலவை ஒரு பங்கு என்று கொள்வோம். நீங்கள் அனுப்பிய தாளின்படி தவணையில் எட்டுப் பங்கு, அதற்கு முன்பே கட்டும் கோப்புக் கட்டணம் கால் பங்கு. ரொக்கமாகக் கட்டினால் ஏழரைப் பங்குதான். ஆக, முக்கால் பங்கு கூடுதலாகத் தருகிறீர்கள். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 19 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் வைப்புத்தொகை இந்த அளவுக்கு ஈட்டாது. அதை உடைத்து ரொக்கமாகக் கட்டுங்கள். வெண்மையாக்கல் சொத்தையைக் குணப்படுத்தாது. வலியில் துடிப்பவரிடம் அழகுச் சிகிச்சையையும் சேர்த்து விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்குக் கேடு செய்தது, வலித்தால்தான் பல்லுக்குப் பணம் என்ற பழக்கம். மக்கள் மருத்துவச் சேவையை ஏன் நாடுகிறார்கள், ஏன் நாடுவதில்லை என்பதை விளக்க 1968-இல் அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் ஆண்டர்சன் வகுத்த விளக்கச் சட்டகம், மனப்பாங்கு, வசதி, தேவை என்ற மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. செலவு, பயம், நேரமின்மை ஆகியவை பலரையும் தடுக்கின்றன. உங்களுக்கோ வசதி இருந்தது, மருத்துவரும் சொன்னார், ஆனால் தேவையை முடிவு செய்ததோ வலி. பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் தாண்டி உள்ளே இறங்கிய பிறகே பெரும்பாலும் வலி தெரியும், அப்போது மலிவான சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய்நோய் இருக்கிறது. எனவே இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தம்பியின் அவசரத்துக்குத் தேதி இருந்தது, உங்கள் பல்லுக்கு இல்லை. மாதம் ஒரு சிறு தொகையைப் பல்லுக்கென்றே தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து யாருக்கும் கைமாற்று இல்லை என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்ற கணக்கும் தேவையில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, பெரியவர்களுக்கு அவரவர் வாய்நிலைக்கேற்ப 3 முதல் 24 மாத இடைவெளியைப் பரிந்துரைக்கிறது. கேப் பொருத்தும் நாளிலேயே உங்கள் இடைவெளியைக் கேட்டு, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.