வழுக்கை கறுத்தால் சட்டை உரியும்

கேள்வி: எங்கள் மகன் வளர்க்கும் மெக்சிகன் ரெட் நீ டரான்டுலா சிலந்தி மூன்று வாரமாக ஒரு சிள்வண்டைக்கூடத் தொடவில்லை. மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றின் மேல் முடி கொட்டி வழுக்கையாக இருந்த இடம் இப்போது கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. காயமா, அழுகலா? அது சாப்பிடாததால் மகனும் சரியாகச் சாப்பிடுவதில்லை.
- வாசகி, ஸ்கார்பரோ

பதில்: முதலில் மகனுக்குச் சோறு போடுங்கள். சிலந்தி சட்டை உரிக்கத் தயாராகிறது, அவ்வளவுதான்.

ரெட் நீ பயந்தால் பின்னங்கால்களால் வயிற்று முடியை உதைத்துப் பறக்கவிடும் (கையில் பட்டால் ஒரே அரிப்பு). முடி போன இடம் வெளிறி, இளஞ்சிவப்பாகத் தெரியும். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோலும் புது முடியும் உருவானதும் அந்தக் கறுப்புதான் மேலே தெரிகிறது. காயமென்றால் ஈரம் கசியும். அந்த ரத்தமும் சிவப்பாக இருக்காது, நீலம் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும்.

பட்டினியை மட்டும் வைத்து நாள் குறிக்க முடியாது. என்னிடம் இருக்கும் சிலி ரோஸ் டரான்டுலா காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் விரதம் இருப்பாள். பட்டினியோடு வழுக்கை கறுப்பது, வயிறு உப்பிப் பளபளப்பது, கால்களின் நிறம் மங்குவது, தரையில் பாய் விரித்ததுபோல வலை பின்னுவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் நம்பலாம்.

அப்புறம் ஒரு நாள் அது மல்லாந்து கிடக்கும். அன்றைக்குத்தான் நீங்கள் பதறாமல் இருக்க வேண்டும். நான் பதறினேன். என் முதல் சிலந்தி அப்படிக் கிடந்தபோது செத்துவிட்டது என்றே முடிவு கட்டி, ஷூ டப்பாவில் பழைய கைக்குட்டையை விரித்து, மண்வெட்டியையும் எடுத்துவிட்டேன். நல்ல மழை பெய்ததால் குழி தோண்டவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் முதுகு ஓடு டப்பா மூடி மாதிரி திறந்திருக்கிறது. இறுக்கமான கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல எட்டுக் கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருக்கிறது! செத்த சிலந்தி பெரும்பாலும் குப்புறத்தான் கிடக்கும், கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கி, மூடிய கை மாதிரி.

அந்த நேரத்தில் தொடாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள், மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். பல மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வையுங்கள். உள்ளே விட்ட சிள்வண்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் ஒன்றை மறந்து விட்டுவைத்து, புதுத் தோல் இறுகாத சிலந்தியின் ஒரு காலை அது கடித்துக் குதறிவிட்டது. அந்தக் கால் அடுத்த சட்டையில்தான் திரும்ப முளைத்தது, அதுவும் மற்றவற்றைவிட மெலிதாக.

உரித்து முடித்ததும் பசிக்குமே என்று இரை போட வேண்டாம். நச்சுப்பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் இறுகிக் கறுக்கும். வளர்ந்த சிலந்திக்கு நான் இரண்டு வாரம் விடுவேன்.

உரித்த சட்டையை எறியாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்து, உட்புறத்தில் முதல் ஜோடி நுரையீரல்களுக்கு நடுவே உருப்பெருக்கியால் பாருங்கள். சின்னப் பை மாதிரி மடிப்பு இருந்தால் பெண். ரெட் நீ பெண் இருபது வருடத்துக்கு மேலும் இருப்பாள். மகன் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போன பிறகு சிள்வண்டு போடப்போவது யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.