நிலவுக்குப் போன கலமும் கைரோவும்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் அப்போலோ எப்படி வழி தெரிந்து போனது?

ப: கலத்துக்குள் ஒரு சின்ன மேடை. கலம் எப்படிப் புரண்டாலும் மூன்று கைரோக்கள் (வேகமாகச் சுழன்று திசை மாறாமல் நிற்கும் சக்கரங்கள்) அதை ஒரே திசையில் பிடித்து வைக்கும். மேடைமேல் மூன்று முடுக்கமானிகள். வேகம் மாற மாற இவை துடிப்புகளை அனுப்பும். கட்டளைக் கலத்தில் ஒரு துடிப்பு என்றால் நொடிக்கு 5.85 செ.மீ. மாற்றம், நிலவில் இறங்கும் கலத்தில் 1 செ.மீ. கணினி அதைக் கூட்டிக்கொண்டே போகும். ஒன்றை மறக்காதீர்கள்: முடுக்கமானி ஈர்ப்பை உணராது. எஞ்சின் அணைந்திருந்தால், நிலவு எவ்வளவு இழுத்தாலும் பூஜ்யம்தான். ஈர்ப்பைக் கணினிதான் கணக்குப் போட்டுச் சேர்க்கும். பயணத்தின் நடுவே கலம் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பூமியிலிருந்து ரேடியோ மூலம் அளந்து சொன்னார்கள்.

கே: என் போனில் உள்ள முடுக்கமானி மேசைமேல் சும்மா கிடக்கும்போதே 1 ஜி (பூமி ஈர்ப்பின் அளவு) காட்டுகிறதே?

ப: அது ஈர்ப்பு இல்லை, மேசை மேலே தள்ளுவது. இப்போதுதானே சொன்னேன்!

கே: கைரோ விலகினால்?

ப: விலகத்தான் செய்யும். 28 மடங்கு பெரிதாக்கும் செக்ஸ்டன்ட்டில் (கோணம் அளக்கும் தொலைநோக்கி) நட்சத்திரம் பார்த்துத் திருத்துவார்கள். அப்போலோ 8-இல் விண்வெளி வீரர் லவல் கணினியிடம் ஒன்றாம் எண் நட்சத்திரத்தைக் கேட்கப்போய், ஏவும் முன் ஓட்டும் ஒன்றாம் எண் நிரலை அழுத்திவிட்டார். கலம் ஏவுதளத்தில் நிற்பதாகக் கணினி நினைத்துக்கொண்டது. ரைஜல், சிரியஸ் இரண்டையும் பிடித்துத்தான் சரிசெய்தார்.

கே: எந்த எரிபொருள் நல்லது?

ப: என் துறை இல்லை.

கே: கிம்பல் லாக் என்றால்?

ப: மேடையைத் தாங்குவது ஒன்றுக்குள் ஒன்றான மூன்று வளையங்கள் (கிம்பல்). நடு வளையம் 90 பாகை திரும்பினால் மற்ற இரண்டின் அச்சும் ஒரே கோட்டில் வந்துவிடும். அப்புறம் ஒரு திசைத் திருப்பத்தைத் தாங்க வளையம் இல்லை. 70 பாகையிலேயே எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போலோவுக்கு முந்தைய ஜெமினி கலத்தில் நான்கு வளையம் இருந்தது. அப்போலோ 11 வீரர் காலின்ஸ் விண்ணிலிருந்தே, கிறிஸ்துமஸுக்கு நாலாவதை அனுப்பச் சொல்லிக் கேலி செய்தார்.

கே: குவாட்டர்னியன் (திருப்பங்களை நான்கு எண்களால் கணக்கிடும் முறை) போட்டிருந்தால் பிரச்சினையே இல்லையே?

ப: அது கணக்கு. உலோக வளையத்துக்குக் கணக்குத் தெரியாது.

கே: சரி, வளையமே வேண்டாம். கைரோவைக் கலத்தின் உடம்போடு பொருத்தியிருக்கலாமே?

ப: இது கேள்வி! இறங்கும் கலத்தின் மாற்று வழிகாட்டி அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்தையும் கணினி விடாமல் கணக்கிட வேண்டும். முதன்மைக் கணினியின் எழுதி அழிக்கும் நினைவகமே 2048 சொற்கள்தான். இன்று நாசாவின் ஓரியன் கலத்தில் லேசர் கைரோ, வளையம் கிடையாது. உங்கள் பக்கம் நியாயம் உண்டு, 1960-களில் இல்லை.

கே: கிம்பல் லாக் என்றால் என்ன ஐயா?

ப: மேலே இருக்கிறது. படியுங்கள்.