40 சதவீதம் முடிந்தது என்றால், எது முடிந்தது?

கேள்வி: இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் நாங்கள், 4 பேர். மண்ணின் ஈரத்தை அளந்து தானாகத் தண்ணீர் விடும் கருவிதான் எங்கள் ப்ராஜெக்ட். மொத்தம் 16 வாரம். 6 வாரம் போய்விட்டது. 'ஆய்வு', 'வடிவமைப்பு', 'உருவாக்கம்', 'சோதனை' என்று பிரித்துத் திட்டம் போட்டிருந்தோம். கைடு கேட்டால் 40 சதவீதம் முடிந்தது என்கிறோம். உண்மையில் கையில் ஒன்றும் இல்லை. மீதி வாரங்களை எப்படித் திட்டமிடுவது?

பதில்: அந்த 40 சதவீதம் காலண்டரில் முடிந்தது.

'ஆய்வு' எப்போது முடியும், சொல்லுங்கள்? அலுத்துப்போகும்போது நிற்கும், அவ்வளவுதான். மைல்கல் என்று ஒன்றை எழுதினால், குழுவில் இல்லாத ஒருவர் வந்து பார்த்து 'ஆச்சு' அல்லது 'ஆகல' என்று சொல்ல முடிய வேண்டும். 'சென்சாரைப் பற்றிப் படித்தோம்' என்பதை யார் சரிபார்ப்பது? 'காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் எடுத்த அளவுகள் இதோ' என்றால் பார்த்துவிடலாம்.

முதலில் இலக்கைச் சுருக்குங்கள். ஒரு தொட்டி, ஒரு செடி. 3 நாள் யாரும் தொடாமல் மண் காயாமல் இருக்க வேண்டும். மொபைல் ஆப் செய்வதாகவும் யோசித்திருப்பீர்கள் (எல்லாக் குழுவும் யோசிக்கும்). அது நேரம் மிஞ்சினால்.

அப்புறம் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 15, 16-ஆம் வாரங்கள் அறிக்கைக்கு. 13, 14 காலியாக இருக்கட்டும். ஆக, 12-ஆம் வாரத்துக்குள் கருவி ஓட வேண்டும். காலி வாரங்களைப் பார்த்ததும் எதையாவது போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும்; வேண்டாம். 1994-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல்.

8-ஆம் வார முடிவில் சென்சார், மைக்ரோகண்ட்ரோலர் (கருவியை இயக்கும் குட்டிக் கணினி), ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்), மோட்டார் நான்கும் ஒரு மேஜையில் சேர்ந்து ஒரு முறையாவது ஓடியிருக்க வேண்டும். ஒயர் தொங்கினால் தொங்கட்டும். ஆளுக்கொரு பகுதியைத் தனியாகச் செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் இணைக்க உட்காரும் குழுக்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் இறங்கி மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகலாம். தனித்தனியாகச் சோதித்தபோது இது தெரிந்திருக்காது. 8-ஆம் வாரத்தில் தெரிந்தால் மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். 15-இல் தெரிந்தால் ராத்திரி தூக்கம் போகும்.

காத்திருந்துதான் ஆக வேண்டிய வேலைகளையும் முன்னால் தள்ளுங்கள். மலிவான ஈர சென்சார்களின் உலோகக் கால்கள் மண்ணில் இருக்க இருக்க அரித்துப்போகும், அளவுகளும் மாறும். நாள்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் அந்த நாள்களைக் குறைக்க முடியாது.

ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரே ஒருவர் பெயரைப் போடுங்கள்.

கைடிடம் அந்த 40 சதவீதத்தை இந்த வாரமே திருத்திச் சொல்லிவிடுங்கள். கோபப்படலாம். ஆனாலும் இப்போது சொன்னால் எதை விட்டுவிடலாம் என்று அவரும் சேர்ந்து யோசிப்பார். வெறுங்கையோடு போகாமல், இரண்டு டம்ளர் மண்ணில் சென்சாரை வைத்து எடுத்த அளவுகளையாவது கொண்டுபோங்கள்.