விண்டோஸ் தொடக்கப் பட்டியலை (பூட் மெனு) மாற்றுவது எப்படி?

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி உள்ள என் பழைய கம்ப்யூட்டரில் அதனை மறுபடியும் இன்ஸ்டால் செய்த பிறகு, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கறுப்புத் திரையில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் தோன்றி, 30 விநாடிகள் காத்திருக்கின்றன. தேவையற்ற வரியை நீக்கி, காத்திருக்கும் நேரத்தையும் குறைக்க வழி என்ன?

பதில்: இரண்டையும் செய்யலாம். ஆனால் நேரத்தை மாற்றுவதில் ஆபத்து ஏதும் இல்லை. வரியை நீக்குவதில்தான் கவனம் தேவை. மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் அட்வான்ஸ்டு டேபைத் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற பிரிவில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தவும். அங்கே 30 என இருப்பதை 5 ஆக்கினால் போதும். பூஜ்யம் கொடுத்தால் பட்டியலே தோன்றாமல், டிஃபால்ட் ஆகக் குறிக்கப்பட்ட விண்டோஸ் நேராக இயங்கத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு வரிகள் இருக்கும்வரை அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே விண்டோவில் உள்ள எடிட் பட்டனை அழுத்தினால் பூட்.ஐஎன்ஐ என்னும் ஃபைல் நோட்பேடில் திறக்கும். எதையும் தொடும் முன், அதன் வரிகள் அனைத்தையும் காப்பி செய்து வேறொரு ஃபைலில் சேமித்து வைக்கவும். ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டால், கம்ப்யூட்டர் இயங்காத நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். ஃபைலின் கீழ்ப்பகுதியில் உங்கள் இரண்டு வரிகளும் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த ஹார்டு டிஸ்க், அதில் எந்த பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு), எந்த ஃபோல்டர் என்பதைச் சொல்கிறது. டிஸ்க்கின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்தும் பார்டிஷனின் எண்ணிக்கை ஒன்றிலிருந்தும் தொடங்குவதால்தான் பலர் இங்கே குழம்பிவிடுகிறார்கள்.

எது உயிருள்ள வரி என்பதை ஊகித்து மற்றதை அழித்துவிடாதீர்கள். மேற்கோள் குறிகளுக்குள் உள்ள பெயர் திரையில் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுவதால், அதனை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். எனவே முதல் வரியின் பெயரோடு 1 என்றும் அடுத்ததன் பெயரோடு 2 என்றும் சேர்த்து, ஃபைலைச் சேமித்து, கம்ப்யூட்டரை மீண்டும் இயக்கி, இரண்டையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவும். பழைய இன்ஸ்டாலேஷன் ஏற்கெனவே அழிந்து போயிருந்தால், அதற்குரிய வரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் விண்டோஸ் இயங்கத் தேவையான ஹால்.டிஎல்எல் ஃபைலைக் காணவில்லை அல்லது பழுதாகிவிட்டது என்ற செய்தி வரும். இதைக் கண்டதும் விண்டோஸே கெட்டுவிட்டது என்று எண்ணி, மறுபடியும் இன்ஸ்டால் செய்து, பட்டியலில் மூன்றாவது வரியையும் சேர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரி காட்டும் இடத்தில் விண்டோஸ் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இப்போது நோட்பேடுக்குத் திரும்பி, இயங்காத வரியை மட்டும் நீக்கவும். மேற்பகுதியில் டிஃபால்ட் என்று தொடங்கும் வரியில் உள்ள பாதை, நீங்கள் விட்டுவைத்த வரியின் பாதையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பின்னரே சேமிக்கவும். ஒரே வரி எஞ்சியிருந்தால் பட்டியல் தோன்றாது, காத்திருப்பும் இருக்காது. தவறு நேர்ந்து கம்ப்யூட்டர் இயங்காமல் போனால், எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து ரெக்கவரி கன்சோல் என்னும், கட்டளைகளை டைப் செய்து பழுது நீக்கும் திரையைத் திறந்து, பூட்சிஎஃப்ஜி கட்டளையை ரீபில்ட் என்ற தேர்வுடன் கொடுத்தால், அது டிஸ்க்கில் உள்ள விண்டோஸ்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்க உதவும்.

கேள்வி: விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டரில் இந்த ஃபைலையே காணவில்லையே?

பதில்: எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த விவரங்கள் பிசிடி எனப்படும் தரவுத்தொகுப்பில் வைக்கப்படுகின்றன, அதனை நோட்பேடில் திருத்த முடியாது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் எம்எஸ்கான்ஃபிக் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டி, பூட் டேபைத் திறந்தால் பட்டியலும் காத்திருப்பு நேரமும் அங்கேயே கிடைக்கும். எக்ஸ்பியும் விண்டோஸ் 7ம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் மட்டும், எக்ஸ்பியை இயக்குவதற்கு பூட்.ஐஎன்ஐ இன்னமும் தேவைப்படும் என்பதால், பழைய ஃபைல்தானே என்று அதனை அழித்துவிட வேண்டாம்.