திரும்பத் திரும்ப விழுகிறவனுக்கும் கிருபை உண்டா? கேள்வி பதில்

ஐயா, விட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ முறை ஜெபித்தும் அதே பாவத்தில் விழுகிறேன். இனி எந்த முகத்தோடு ஆண்டவரிடம் போவது?

அதே முகத்தோடு போங்கள், தம்பி. ஒரே நாளில் ஏழுதரம் குற்றஞ்செய்து, ஏழுதரமும் வந்து மனஸ்தாபப்படுகிறவனை மன்னிக்கச் சொல்கிறார் இயேசு (லூக்கா 17:4). நம்மிடம் இவ்வளவு கேட்கிறவர் தாம் குறைவாகவா மன்னிப்பார்? விழுந்ததைவிட, விழுந்தபின் ஒளிந்திருக்கும் நாட்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. ‘ஒரு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு ஜெபிக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்த வாரத்திலேயே மறுபடி விழுவீர்கள். பெலன் கிடைக்கிற இடத்தைவிட்டு விலகி நிற்கிறீர்களே! விழுந்த அதே மணி நேரத்தில் வாருங்கள்.

பாவ அறிக்கையை எப்படிச் செய்வது?

பாவத்தை அதன் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். ‘தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகள்’ என்று மொத்தமாகச் சொன்னால் மனசாட்சி நழுவிவிடும். ‘இன்னாரிடம், இன்ன லாபத்துக்காகப் பொய் சொன்னேன்’ என்று சொல்லுங்கள். சாக்கு வேண்டாம், 51-ஆம் சங்கீதத்தில் தாவீது ஒன்றுகூடச் சொல்லவில்லை. பிறகு 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டு வாசியுங்கள். மன்னிக்கிறவரை ‘உண்மையும் நீதியும் உள்ளவர்’ என்கிறது அந்த வசனம். நீதி என்ற சொல்லை நாம் வேகமாகத் தாண்டிப்போகிறோம். கிறிஸ்து சிலுவையில் தீர்த்த கடனை உங்களிடம் மறுபடி வசூலிப்பது நீதியாகாது. ஆகவே, நீங்கள் பயப்படுகிற அந்த நீதியே உங்கள் பக்கம் நிற்கிறது.

பிறருக்கு நஷ்டம் செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 6:5). அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் (நான்கு மடங்காகத்) தருகிறேன் என்றான் வரி வசூலிப்பவனான சகேயு. இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அப்படிச் சொன்னான்.

தனியாகப் போராடிக் களைத்துவிட்டேன்.

தனிமைதான் இடறல், சகோதரி. ‘ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்கிறது யாக்கோபு 5:16. வாயடக்கமுள்ள, விசுவாசத்தில் முதிர்ந்த ஒரு சகோதரி போதும். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் விழுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் ஃபோன்தான் கண்ணி என்றால், அது படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். குடிப்பழக்கமாக இருந்தால் மருத்துவரையும் பாருங்கள். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். சிகிச்சை எடுப்பது அவிசுவாசமல்ல.

அப்படியானால் கிருபையை நம்பித் துணிந்து பாவம் செய்யலாமே?

‘கூடாதே’ என்கிறார் பவுல் (ரோமர் 6:2). பாவத்துக்கு மரித்தவன் அதில் இனிப் பிழைப்பதெப்படி என்கிறார்.

மன்னிப்பே இல்லை என்று இயேசு சொன்ன பாவத்தை, பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை, செய்துவிட்டேனோ என்று பயமாயிருக்கிறது.

மாற்கு 3:30-ஐ வாசியுங்கள். இயேசுவின் கிரியைகளைக் கண்ணால் கண்டும், அவருக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்றவர்களிடம் சொன்ன எச்சரிப்பு அது. அவர்கள் கலங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நீங்கள் கலங்கிக் கேட்கிறீர்கள்.

மன்னித்தாலும், என்னை இனி ஆண்டவர் பயன்படுத்துவாரா?

புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு இரண்டே இடத்தில் வருகிறது, இரண்டும் யோவானில். ஒன்று, சீஷனாகிய பேதுரு குளிர்காய்ந்தபடி, தான் இயேசுவின் சீஷன் அல்ல என்று மறுதலித்த இடம் (18:18). மற்றது, இயேசு தாமே கரையில் மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்த இடம் (21:9). அங்கேதான் மூன்று முறை ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டு, மூன்று முறையும் தம் மந்தையை அவன் கையில் ஒப்படைத்தார்.