பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல் அடைக்கப் போனவருக்கு

கேள்வி: எனக்கு வயது 43. ஒன்பது நாளுக்கு முன்பு கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல்லில் சொத்தையைச் சுரண்டி, பல் நிறத்திலேயே அடைத்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பக்கம் கடித்தால் உயிர் போகிறது. இடது பக்கமாகவே மென்று சமாளிக்கிறேன். கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தேன். மாமியாரின் மூட்டுவலி மாத்திரையில் தினம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். அடைத்த அன்று வாய் மரத்திருக்கும்போதே சாப்பிட்டதில் கன்னத்தின் உட்பக்கம் கடிபட்டுப் புண்ணாகி இப்போதுதான் ஆறியது. வலித்தால் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பேங்குக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனதால் மறுபடி போக வழியில்லை. நல்ல டாக்டர்தான், மாமியாருக்குப் பல்செட்டும் மகனுக்குக் கம்பியும் அவரிடம்தான் போட்டோம். ஃபில்லிங் என்றால் இப்படித்தான் இருக்குமா? எத்தனை நாளில் சரியாகும்?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பேங்குக்குப் போவதாக ஏன் சொன்னீர்கள்?

பல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தும் அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. கணவர் திட்டுவார் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியார் குறை சொல்வார் என்றும் எழுதவில்லை. யாரும் தடுக்காத ஒரு காரியத்தை ஒளித்துச் செய்திருக்கிறீர்கள். மாமியாருக்குப் பல்செட் போட்டபோது அளவெடுக்க, சரிபார்க்க என்று எத்தனையோ தடவை அழைத்துப் போயிருப்பீர்கள். மகனின் கம்பிக்கு மாதாமாதம் போகிறீர்கள். அதற்கெல்லாம் பொய் தேவைப்படவில்லை. உங்கள் சொந்தப் பல் என்றதும் தேவைப்பட்டது.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கண், முழங்கால், கர்ப்பப்பை என்று உறுப்பு மாறும். "வீட்டில் சொல்லவில்லை" என்ற வரி மட்டும் மாறாது. அதைத் தியாகம் என்று நினைத்து எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாமியாரைக் கவனிப்பது உங்கள் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதேபோல் உங்களைக் கவனிப்பது அந்த வீட்டாரின் கடமை. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்து, அவர்கள் அதைச் செய்ய வழியில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். கேட்டு மறுத்திருந்தால் அவர்கள் மேல் தப்பு. கேட்கவே இல்லையே!

இப்போது பல். நீங்கள் படுகிற அவஸ்தையில் பாதி அந்தப் பொய்யால் வந்தது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பது புரியும்.

கீழ்த்தாடையில் மரப்பு ஊசி போட்டால் உதடும் நாக்கும் கன்னமும் மூன்று மணி நேரம், சில சமயம் ஐந்து மணி நேரம்கூட மரத்துக் கிடக்கும். அது தெளியும் வரை எதையும் மெல்லக் கூடாது, சூடாகக் குடிக்கவும் கூடாது. கடிபடுவதோ சுடுவதோ தெரியாது என்பதுதான் காரணம். பல் நிறத்தில் அடைக்கும் பொருள் நீல வெளிச்சம் காட்டியதுமே இறுகிவிடும், அதனால் ஃபில்லிங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. (வெள்ளி நிற அடைப்பு என்றால் முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.) காத்திருக்க வேண்டியது கன்னத்துக்காக. "ஊசி போட்டிருக்கிறது, மூணு மணிக்கு மேல் சாப்பிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். பல்லின் உள் அடுக்கில் நரம்பை நோக்கிப் போகும் நுண்ணிய குழாய்கள் உண்டு. சொத்தையைக் குடையும்போது உள்ளே நரம்பு சீண்டப்படுகிறது. அது அடங்க இரண்டு வாரம், ஆழமான சொத்தை என்றால் நான்கு வாரம்கூட ஆகலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டால் மென்மையான பிரஷ்ஷில் தேய்த்தால் கொஞ்சம் உதவும்.

ஆனால் கடித்தால் உயிர் போகிறது என்கிறீர்களே, அது வேறு சங்கதி. பல்லை நான் பார்க்கவில்லை, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அடைப்பு ஒரு துளி உயரமாக நிற்கிறது என்றே தோன்றுகிறது. வாய் மரத்திருக்கும்போது "கடித்துப் பாருங்கள், சரியாக இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நமக்கென்ன தெரியும், சரி என்று தலையாட்டிவிடுவோம். மரப்பு தெளிந்த பிறகுதான் அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பது தெரியும். ஒரு தலைமுடிப் பருமன் உயர்ந்தாலே போதும், ஒவ்வொரு கடியிலும் அந்த ஒரு பல்லே முழுப் பாரத்தையும் வாங்கும். வேரைச் சுற்றி எலும்போடு பிடித்திருக்கும் மெல்லிய தசைநார் வீங்கி வலிக்கும்.

இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? பல்லைத் துடைத்து, ஒரு வண்ணக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். அழுத்தமாக மை ஒட்டுகிற இடத்தை லேசாக ராவிவிடுவார்கள். பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம், சில நிமிட வேலை. அப்புறம் இரண்டு மூன்று நாளில் வலி வடிய ஆரம்பிக்கும். அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் ஒன்பது நாளாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறீர்கள். தானாகத் தேயட்டும் என்று விட்டால் அடைப்பு விரிசல் விடலாம், பல்லே விரிசல் விடலாம், நரம்பும் கெடலாம். நரம்பு கெட்டால் ரூட் கெனால், அதன் மேல் கேப். ஃபில்லிங்குக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆகும். அந்தப் பணத்துக்கு எந்த பேங்குக்குப் போவதாகச் சொல்வீர்கள்?

மாமியாரின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். மூட்டுவலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் பார்த்து எழுதித் தராமல் நாள்கணக்கில் போடுகிற மருந்தில்லை அது. அவருடைய வேளை மாத்திரை குறைவதையும் யோசியுங்கள், அவர் கால்வலிக்கு வாங்கியது. டாக்டரைப் பார்க்கும் வரை தாங்க முடியாவிட்டால், கல்லீரல் கோளாறு எதுவும் இல்லாதபட்சத்தில், பாரசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும். அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எந்த மாத்திரையை எத்தனை நாள் போட்டீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். கிராம்புத் தைலமும் வேண்டாம். அப்படியே வைத்தால் ஈறு வெந்துபோகும், உயரமான அடைப்பை அது இறக்கவும் செய்யாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்.

சில அறிகுறிகள் வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது: சூடு பட்டால் வலிப்பது, பட்ட பிறகும் வலி நின்று குடைவது, ஒன்றுமே படாமல் விண்விண்ணென்று தெறிப்பது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புவது. இவையெல்லாம் நரம்பு கெடுவதற்கான அடையாளம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரி. அப்படி ஒரு ராத்திரி வந்தால் கணவரை எழுப்பி, ஒன்பது நாள் கதையை முதலிலிருந்தா சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

உங்கள் மகனையும் நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு எதுவும் வலிப்பதில்லை என்று நம்பி வளர்கிற பையன், நாளை தன் மனைவி வலி என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? கம்பி மாட்டும் நாளில் அவனுக்காக நீங்கள் அந்த கிளினிக்கில் காத்திருக்கிறீர்கள். இந்தத் தடவை அவன் உங்களோடு வந்து உட்காரட்டும்.

இன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்காரும்போது, நீங்களும் கூட உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "பல் அடைத்தேன், கடித்தால் வலிக்கிறது, நாளைக்குப் போகணும்." இவ்வளவு போதும். காலையில் கிளினிக்குக்குப் போன் போட்டு, "அடைப்பு உயரமாக இருக்கிறது போலிருக்கிறது" என்று சொல்லி நேரம் வாங்குங்கள். ராவிய பிறகு வாய் மரக்காத நிலையில் நன்றாகக் கடித்து, பக்கவாட்டில் அரைத்தும் பார்த்து, இடித்தால் அங்கேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.