பாக்கி 14 லட்சம், கையில் இருப்பது இரண்டு மாதம்

கேள்வி: எட்டு வருடமாக ஒரு நிறுவனத்துக்குக் கடனில் சரக்கு அனுப்பினேன். 14 லட்சம் பாக்கி. பில்லில் 60 நாள் தவணை. பழைய பில்களுக்குத் தவணை முடிந்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிறது. போன் செய்தால் 'அடுத்த மாதம் அண்ணே' என்கிறார். இதற்குள் புது கார் வாங்கிவிட்டார். நம்பிக்கைத் துரோகம் என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அவருடைய காரும் எட்டு வருடப் பழக்கமும் கோர்ட்டில் எடுபடாது. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த 'இரண்டு வருடம் பத்து மாதம்'தான்.

1963 லிமிட்டேஷன் சட்டப்படி, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். லெட்ஜர் ஒன்றுதானே, கடைசி பில்லிலிருந்து எண்ணலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் கெடு தனி.

என்னிடம் வரும் வியாபாரிகள் பலர் சிக்குவது இங்கேதான். வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது, இனி கெடு ஓடாது என்று நினைக்கிறார்கள். நோட்டீஸ் ஒரு நாளைக்கூட நீட்டிக்காது. 'அண்ணே' என்று போனில் சொன்ன வாக்கும் அப்படித்தான். வாட்ஸ்அப் செய்தியை வைத்து வாதாடலாம், அதை மட்டுமே நம்பி இறங்கக் கூடாது. கெடு முடியுமுன் 'இன்ன தேதிவரை இவ்வளவு பாக்கி' என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். கெடு தாண்டியபின் வெறும் ஒப்புதல் வாங்கிப் பயனில்லை. அதனால் இந்த வாரமே லெட்ஜர் பிரதியுடன் நேரில் போங்கள். ஆண்டுக் கணக்குக்கு ஆடிட்டர் கேட்கிறார் என்றால் பலர் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி நிஜமாகவே கேட்கச் சொல்லுங்கள்.

அவர் 11 லட்சம் தருகிறேன் என்றால், என் யோசனை, ஒத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று லட்சத்துக்காக நீங்கள் கோர்ட்டுக்கு அலையும் வருடங்கள் அதைவிட விலை அதிகம். ஆனால் 'முழுவதும் தீர்ந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகும் தேதி போட்ட செக்குகளை வாங்கி வராதீர்கள். முதல் செக்கே பவுன்ஸ் ஆனால், 14 லட்சத்தைக் கேட்கும்போது உங்கள் எழுத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். ஒப்பந்தத்தில் முதலில் 14 லட்சம் முழுவதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்து, முழுப் பாக்கியும் உடனே செலுத்த வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். ரசீதில் 'செக் பணமானால் மட்டும்' என்று எழுதுங்கள்.

கையெழுத்துக்கு இழுத்தடித்தால் பத்து நாளுக்குமேல் காத்திருக்காதீர்கள். உங்களுடையது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு, அதனால் முன்மத்தியஸ்தம், அதாவது வழக்கு போடுமுன் மத்தியஸ்தர் முன்னால் சமரசம் பேசிப் பார்ப்பது, கட்டாயம். அதில் செலவாகும் நாட்கள் கெடுவில் சேராது, ஆனால் மத்தியஸ்தத்துக்கான மனு கெடுவுக்குள் போயிருக்க வேண்டும். வரும்போது பில், டெலிவரி சலான், அவர் பணம் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட், மூன்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்து வாருங்கள்.